மூன்றாம் நாளுக்கு வைத்த பக்கம்

தேவசகாயம் பெரிய காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் அடுப்பு எரிப்பவர். பட்டு நூலைக் கொதிக்க வைக்கும் அண்டாவுக்குக் கீழே காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவார். பிறகு தாமல் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தன் காலனிக்கு ஆறு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும். வீடு சேரும்போது புகையால் கண் சிவந்திருக்கும். அந்தக் கண்ணுக்காகத்தான் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர் அவர். அறுபதுகளின் கடைசியில் அந்தக் காலனியில் அவ்வளவு படித்த பெரியவர் வேறு யாருமில்லை. கோர்ட்டு நோட்டீஸ், அம்மை ஊசித் துண்டறிக்கை, உர மூட்டையின் மேல் அச்சடித்தது என்று எழுத்து எதுவானாலும் அவரிடம்தான் வரும். மறுத்ததாக நினைவில்லை. விரும்பிச் செய்தார் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டில் வேதப் பாடம் வாசிப்பதும் அவர்தான். குறித்த பகுதியைத் தெளிவாக, நடுவில் நிறுத்தாமல், சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்காமல் வாசிப்பார். "இன்றைய பகுதி இத்துடன் முடிகிறது" என்று புத்தகத்தை மூடுவார். மீதி அடுத்த வாரத்துக்கு. இருபது வருடப் பழக்கம். கையில் வந்த எல்லாக் காகிதத்தையும் அவர் இப்படித்தான் வாசித்தார். பங்கு போட்டு வாசித்தால்தான் காதில் தங்கும் என்பது அவர் எண்ணம். களைப்பும் ஒரு காரணம்தான். அதை அவர் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வருடம் ஏரிப் பாசனத்தில் புது நெல் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு முனிசாமியின் வாரத்து நிலத்தில் குருத்துப்பூச்சி விழுந்துவிட்டது. விவசாய யோசனை சொல்ல வரும் அரசாங்க ஆள் கிராம சேவக் ஒரு புட்டி மருந்தும் நாலு பக்கத் துண்டுப் பிரசுரமும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் மாலை தேவசகாயம் முதல் இரண்டு பக்கத்தில் இருந்த பூச்சியின் பிறப்பு வளர்ப்பை வாசித்தார். முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி.

"இன்னாணா இது, பொண்ணு பாக்கவா போறோம்? அது எங்க பொறந்தா எனக்கின்னா?" என்றான் முனிசாமி.

"ஆரம்பத்துலேர்ந்துதான்பா படிக்கணும்."

"அத படிச்சி முடிக்கறதுக்குள்ள பூச்சி பேரன் பேத்தி எடுத்துடும்."

இரண்டாம் நாள் மருந்தின் அளவையும் தெளிக்கும் முறையையும் வாசித்தார். அந்தப் பக்கம் முடிந்தது. இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அவர் மனைவி லில்லி உள்ளேயிருந்து, "சாப்டு படுங்க, கண்ண பாருங்க எப்படி இருக்குதுன்னு" என்றாள். தேவசகாயம் பிரசுரத்தை மடித்து மாடத்தில் வைத்தார். "மீதி நாளைக்கு."

முனிசாமிக்கு மீதி எதற்கு? எவ்வளவு ஊற்றுவது, எப்படி அடிப்பது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் மருந்தடிக்கும் வாடகை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். மருந்தைக் கையாலேயே கலக்கினான். காற்றைப் பார்த்து நின்று அடித்தான். வரப்பில் உட்கார்ந்து அதே கையால் கூழைக் கரைத்துக் குடித்தான்.

தேவசகாயம் திரும்பி வந்தபோது காலனியில் ஆண்கள் யாருமில்லை. முனிசாமி வாந்தி எடுத்து விழுந்தான், மாட்டு வண்டியில் போட்டுக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அவன் மனைவி கிருஷ்ணம்மாளும் கூடப் போயிருக்கிறாள் என்று லில்லி சொன்னாள்.

"வெயில் மயக்கம்ங்கறாங்க" என்றாள்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு மாடத்திலிருந்து பிரசுரத்தை எடுத்து மூன்றாம் நாளுக்கு வைத்த பக்கத்தைப் பிரித்தார். 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்டிருந்தது. கையால் கலக்கக் கூடாது. காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. கடைசி வரி: மருந்து உடலில் ஏறிவிட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லவும், மருந்துப் புட்டியையும் தவறாமல் காட்டவும்.

அவர் வயலுக்கு ஓடினார். புட்டி வரப்பில் சாய்ந்து கிடந்தது. அதைத் துண்டில் சுற்றி சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு, வந்த ஆறு மைலையும் திரும்ப மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் முனிசாமிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. வெயிலில் நின்றார் என்றுதான் கிருஷ்ணம்மாள் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். டாக்டர் புட்டியின் சீட்டைப் பார்த்ததும் வேறு ஊசி கொண்டுவரச் சொன்னார். முனிசாமி பிழைத்தான். கைநடுக்கம் மட்டும் பல மாதம் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் இருந்ததை தேவசகாயம் சொன்னார். கிருஷ்ணம்மாள் நன்றி சொல்லவில்லை. "மூணாம் நாள் பாடத்துல எமன வெச்சிக்கினு ரெண்டு நாளா பூச்சி கத சொன்னியேணா" என்றாள்.

வேதத்தை நம்பிப் படிப்பவனுக்கு எந்தத் துண்டை எடுத்தாலும் அது முழுசு. பூச்சி மருந்துக் காகிதம் அப்படியல்ல. அதன் கடைசி வரி தெரியாதவனுக்கு முதல் வரியும் தெரியாது. இது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தறிந்த எத்தனையோ பேருக்கு எட்டாததுதான்.

அடுத்த வருடம் பூச்சி மறுபடியும் விழுந்தது. புட்டி வேறு, காகிதம் வேறு. முனிசாமியும் கிருஷ்ணம்மாளும் வந்து உட்கார்ந்தார்கள். தேவசகாயம் காகிதத்தை வாங்கி வாய் திறக்காமல் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திரும்பவும் படித்தார். லில்லி சோறு போட்டு வைத்தது ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னாணா, ஊமையாயிட்ட?" என்றான் முனிசாமி.

"மூக்குக்குத் துணி கட்டிக்கணும். கை படக்கூடாது. கதிர் வந்த பின்னால அடிக்கக் கூடாது" என்று தன் வார்த்தையில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "கரைசல்ல நூத்துக்கு இவ்ளோன்னு ஒரு கணக்கு போட்டிருக்கான். இது எனக்குப் புரியலபா."

இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. முனிசாமி மனைவியைப் பார்த்தான்.

"நாளைக்கு கிராம சேவக்க பாத்து கேட்டுக்கினு வரேன். அதுவரைக்கும் தொறக்காத."

"அதுக்குள்ள பூச்சி தின்னுடும்ணா."

"தின்னட்டும்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

முனிசாமி திறக்காத புட்டியை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனான். தேவசகாயம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆறிய சோற்றின் முன் உட்கார்ந்தார்.