எங்கள் காலனிக்குள் திரும்பிய தேர்

மாதா தேர் புறப்பட்டபோது பங்குச் சாமியார் இருந்தார், பங்குப் பேரவைத் தலைவர் இருந்தார். எங்கள் காலனியிலிருந்து என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இந்த வருஷமாவது தேர் உள்ளே வரும் என்று சாமியார் வாக்குக் கொடுத்திருந்ததால், எல்லோரும் வீட்டு வாசலில் மெழுகுவத்தியோடு நின்றிருந்தார்கள்.

தேரை இழுத்த டிராக்டரின் டிரைவர் நெல்லித்தோப்பிலிருந்து வாடகைக்கு வந்தவர். கட்டை மீசை, காக்கிச் சட்டை. பின்னால் மாதா வருகிறாள் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, சுடும் பெடலை வெறுங்காலால் மிதித்தார்.

காலனி முனையில் தலைவர் கை காட்டினார். “நேரா போப்பா. உள்ள கரண்டு கம்பி தாழ்வா இருக்கு, மாதா முடியில இடிக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எலெக்‌ஷனுக்கு அவ்ளோ பெரிய கட்அவுட்டோட லாரி வந்துச்சே சார், அப்ப இடிக்கலையா?”

“நாலு எழுத்து படிச்சிட்டா போதும், வாய் நீண்டுடும் உங்களுக்கு.”

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். “கம்பிய காலையிலயே பாத்துட்டேன் சார், தாராளமா போவும். பூசையில நன்மை அப்பம் வாங்குன வாயாலயே மாதா பேர்ல பொய் சொல்றீங்களே?”

சாமியார் ஜெபமாலையை உருட்டினார். டிரைவர் மறுபடி இன்ஜினைக் கிளப்ப, தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள்.

சொன்ன வழியில் போகவில்லை என்று பேரவை டிரைவருக்கு வாடகை தரவில்லை. “சண்டை போட்டு வாங்குங்கண்ணா” என்றேன்.

“விடு தம்பி, மாதாவுக்கு ஓட்டுனதா இருக்கட்டும்” என்று சிரித்தார்.

எப்படிச் சிரித்தாரோ, எனக்கு இன்னும் ஆறவில்லை. டீசலும் அவர் கைக்காசு. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.