பாடகர் வாயை மூடிய பிறகு

டிராமில் இடம் இருந்தாலும் ட்ரூடே ஹவ்லிச்செக் உட்காரமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிடித்த கையின் விரல்கள் கம்பியிலேயே வாசித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் முறைத்தால் கையை மாற்றிக்கொள்வாரே தவிர, விரலை நிறுத்தமாட்டார். மாவு பிசையும் பலகை, ரொட்டிக்கடை மேசை, படுத்திருக்கும் கணவரின் முதுகு எல்லாமே அவருக்குப் பியானோதான்.

"இன்னிக்கு என் முதுகுல என்ன கச்சேரிடி?" என்று கேட்பார் கணவர் ஃபெர்டல். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். வியன்னாவில் அவருக்குத் தெரியாத திருப்பம் கிடையாது. சங்கீதத்தில் தெரிந்த திருப்பம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மனைவியின் எந்தக் கச்சேரியையும் அவர் விட்டதில்லை.

ட்ரூடே பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பவர். பாட்டுக்கோவை என்றால் உயிர். ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு போகும் பாடல்கள் அவை. நடுவில் யாரும் கைதட்டக் கூடாது, இருமிக்கொள்ளலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இடைவெளிக்கென்றே இருமலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

அவருக்குப் பிடித்தது ஒரு படகோட்டியின் கதை. கடைசிப் பாட்டில் அவன் ஆற்றோடு போய்விடுகிறான். பாடகருக்கு வேலை முடிந்தது. அப்புறம் பியானோ மட்டும் ஆறாக ஓடி, மெல்ல மெல்ல அடங்க வேண்டும். அந்த ஒரு பக்கம்தான் ட்ரூடேவுக்கென்று இருப்பது. அதை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. பாடகர் வாயை மூடியதும் எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கிளம்பும், அரங்கமே சேர்ந்துகொள்ளும், ஆறு காணாமல் போய்விடும். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பக்கத்தைக் கம்பியில் வாசித்து முடித்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

பாடகர் பிர்ஹ்னர் பாடியதும் தோளைத் தளர்த்துவதால்தான் எல்லாம் முடிந்துவிட்டதென்று சனம் ஏமாந்துபோகிறது என்று ஒத்திகைதோறும் ட்ரூடே அவரைப் பிடுங்கி எடுத்தார். போன வாரம் அந்தச் சாது மனிதரும் பொறுமை இழந்தார்.

"நான் சிலையாட்டம்தான் நிக்கிறேன் மேடம். ஆரம்பிக்கிறது மூணாவது வரிசை. உங்க வீட்டுக்காரர்."

அன்று விரல்கள் கம்பியைப் பிறாண்டின. வீட்டில் ஃபெர்டல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறுக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சா எல்லாரும் அந்தப் பாடகனுக்குத்தான் தட்டுவாங்க. நீ தனியா வாசிக்கிறப்ப உனக்குன்னு ஒருத்தனாச்சும் தட்ட வேணாமா? அதான் முந்திக்கிறேன்."

ட்ரூடேவால் கோபப்படவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. ஒரு கிழங்கை எடுத்து அதன்மேல் தாளம் போட்டார்.

"ஒரே ஒரு தடவை, முடியிற வரைக்கும் கேளேன்."

"முடிஞ்சிடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உன்னைப் பார்ப்பேன்."

நேற்று கச்சேரி. கடைசிப் பாட்டு தொடங்கியதுமே ஃபெர்டல் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துவிட்டார். பிர்ஹ்னர் பாடி முடித்தார். யாரும் தட்டவில்லை. ஆறு ஓடியது, தணிந்தது, நின்றது. ட்ரூடேவின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே கிடந்தன, ஒன்றுகூட அசையவில்லை. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.

பிறகு அவர் தலையைத் திருப்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஃபெர்டல் அவசரமாகக் கைகளை உருவித் தட்டினார். இரண்டும் மரத்துப்போயிருந்தன, சத்தமே வரவில்லை.