ஆறாவது வீட்டில் நிற்கும் கார்

கார் டேஷ்போர்டில் எரிகிற விளக்குகளுக்கு அர்த்தம் சொல்வதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் என்னை 'ஸ்கேன் அண்ணன்' என்பார்கள். வண்டி வாசலுக்கு வரும்போதே, சத்தத்தை மட்டும் வைத்து, "பெல்ட் தொளதொளன்னு இருக்கு, உள்ள கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

ஒருமுறை ஒரு டாக்ஸிக்காரர் இன்ஜின் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தார். அது எரிந்தால் சவாரிக்காரர்கள் பயப்படுகிறார்களாம். நாலு பேர் பார்க்க அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். "காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைச்சுப் போடுவீங்களா?" என்று கேட்டேன். அந்த வசனம் எனக்கே பிடித்துப்போய், ஒரு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின், என் மனைவி ஒரு லேபில் சேர்ந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. ஆறு மணிக்கு முதல் வீடு, மொத்தம் ஒன்பது வீடுகள், ஒன்பதரைக்குள் ரத்தப் பெட்டி லேபில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒரு வயசானவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று லேப் மேலாளர் சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்த பதினெட்டு வயசுக் காரை அவளிடம் கொடுத்தேன். ஓட்டுவதை அவள் டிரைவிங் ஸ்கூலில்தான் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொடுத்திருந்தால் எங்கள் இருபத்து நாலு வருஷக் கல்யாணம் அந்த வாரமே முடிந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம் ஃபோன் வந்தது.

"என்னங்க, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. ஆறாவது வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

வேறொரு பேட்டரியையும் ஒயரையும் பைக்கில் வைத்துக்கொண்டு ஓடினேன். வண்டியைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்து, மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதினாலு வோல்ட். சார்ஜ் பிரமாதமாக ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரிக்குத்தான் வயசாகிவிட்டது என்று தீர்ப்பு சொல்லிப் புதுசு போட்டேன். நாலே நாளில் மறுபடியும் ஆறாவது வீடு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கழற்றி, உள்ளே தேய்கிற கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன். மறுபடியும் ஆறாவது வீடு. ஒவ்வொரு தடவையும் நான் போய் மிதித்துப் பார்த்தால் பதினாலு காட்டும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட்டு வைப்பேன், மறுநாள் காலையில் கழுதை நல்ல பிள்ளையாகக் கிளம்பும்.

வண்டியில் தப்பு இல்லையென்றால் தப்பு யாரிடம்? ஸ்கேன் அண்ணன் ஸ்கேன் பண்ணிவிட்டார்.

"நீ நத்தை மாதிரி ஊர்ந்து போறே. அப்புறம் பேட்டரி எப்படி ஏறும்? கொஞ்சம் அழுத்தி ஓட்டு."

"வேகமாப் போனா டியூபெல்லாம் குலுங்குதுங்க. ரத்தம் கெட்டுப்போயிடும்."

"ரத்தம் என்ன தயிரா, ஆட்டினா வெண்ணெய் திரள?"

மறுநாள் அழுத்தி ஓட்டினாள். ஒன்பது வீட்டிலும் கார் ஜம்மென்று கிளம்பியது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று மார்தட்டிக்கொண்டேன். மாலையில் லேபிலிருந்து ஃபோன் வந்தது. இரண்டு டியூபில் ரத்தம் கெட்டுவிட்டது. அதில் ஒன்று, நரம்பே கிடைக்காத ஒரு எண்பது வயசுப் பாட்டியுடையது. அவர் கையில் திரும்பவும் ஊசி குத்திவிட்டு வந்தவள் அன்று சாப்பிடவே இல்லை. அடுத்த நாள் பழையபடி மெதுவாகப் போனாள், ஆறாவது வீட்டில் நின்றாள். இன்னும் ஒருமுறை தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "என்னால முடியலங்க. எனக்கு ஓட்ட வரலைன்னுதான் தோணுது."

"நாளைக்கு நானும் கூட வரேன். நீ எங்க தப்பு பண்றேன்னு பாக்கறேன்" என்றேன். அதை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஓட்டி நான் உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. தப்பு கண்டுபிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வேகத்தடைக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்தாள். கியர் மாற்றியது எனக்கே தெரியவில்லை. பின் சீட்டில் இருந்த பெட்டியில் ஒரு டியூப் இன்னொன்றின்மேல் இடிக்கிற சத்தம் இல்லை. மீட்டர்தான் பன்னிரண்டரையில் படுத்துக் கிடந்தது. ஓடுகிற வண்டியில் பதினாலு காட்ட வேண்டும். மூன்றாவது வீட்டில் பன்னிரண்டே கால், ஐந்தாவது வீட்டில் பன்னிரண்டு.

அவள் இன்ஜினை ஓடவிட்டே உள்ளே போனாள். நான் அவள் இடத்துக்கு மாறி ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். மீட்டர் பதினாலுக்குத் தாவியது. காலை எடுத்தேன், இறங்கவில்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. ஓங்கி மிதித்தால் விழிக்கிறது, அவளைப் போல நிதானமாக ஓட்டினால் விழிப்பதில்லை. அதை எழுப்ப ஒரு துளி கரண்ட் வேண்டும். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அந்தத் துளி வருவது டேஷ்போர்டில் இருக்கிற சிவப்பு பேட்டரி பல்பு வழியாகத்தான். பல்பு இல்லையென்றால் கரண்ட் இல்லை. இது எனக்குப் புதிதல்ல, நானே எத்தனையோ வண்டிகளில் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஆயில் விளக்கு எரிந்தது, ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்தது. பேட்டரி படம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது.

பல்பு தானாக எழுந்து நடந்து போகாது. அதைப் பிடுங்கியது நான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாவி போட்டதும் அந்த விளக்கு எரிவதைப் பார்த்துப் பயந்து எனக்கு ஃபோன் பண்ணுவாள். இன்ஜின் ஓடினால் அணைந்துவிடும், அதுதான் சரி என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது ஃபோன் வந்தபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே மீட்டர் போர்டைக் கழற்றிப் பல்பை உருவிவிட்டேன். ஃபோன் நின்றது. அத்தோடு மறந்தும் போனேன். டாக்ஸிக்காரராவது டேப்தான் ஒட்டினார், நான் தெர்மாமீட்டரையே பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

டியூப்களோடு வெளியே வந்தவள், "என்ன, தெரிஞ்சுதா?" என்றாள்.

"ஒரு... ஒயர் லூசு."

"அப்போ நான் ஓட்டறதுனால இல்லையா?"

"அதுவும் ஒரு காரணம்" என்றேன். மூச்சு விடுவதுபோல அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

அவள் தலையாட்டினாள். "பரவாயில்லை விடுங்க. எனக்கு ஓட்ட வரல, இந்த வாரத்தோட நின்னுக்கறேன்னு நேத்தே லேப் மேலாளர் மேடத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

மீதி வீடுகளில் கிளப்பியதும் கிளட்சை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலேட்டரை ஒருமுறை ஓங்கி மிதிக்கச் சொன்னேன். எல்லா வீட்டிலும் கிளம்பியது, ஒன்பதேகாலுக்கு லேபுக்கு வந்துவிட்டோம். அவள் பெட்டியோடு உள்ளே போக, கிரீஸ் சட்டையோடு நானும் பின்னாலேயே போனேன். மேலாளர் கவுன்டரிலேயே இருந்தார்.

"மேடம், இவங்க ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. வண்டியில ஒரு பல்பை நான் பிடுங்கிட்டேன். அதனாலதான் சார்ஜ் ஏறாம வழியில நின்னுது. இவங்க லேட்டானதுக்கு நான்தான் காரணம்."

"நீங்க யாரு?"

"இவங்க வீட்டுக்காரர்."

"என்ன வேலை பண்றீங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கார் எலக்ட்ரீஷியன்" என்றேன்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மேலாளர் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்து, "நீங்க எங்கயும் போக வேண்டாம். நாளைக்கும் ஆறு மணிக்கே போயிடுங்க" என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து வைத்துக்கொண்டேன்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கேனா?"

"என்னைவிட நல்லா ஓட்டறே. சத்தியமா."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். இத்தனை நாள் நான் குறை சொன்னபோதெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. "மன்னிச்சுக்கோ. தப்பு முழுக்க என்னோடதுதான்" என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை அவளிடம் அதற்கு முன் நான் சொன்னதே இல்லை.

அவள் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க. இந்த இருபத்து நாலு வருஷத்துல வேற எதையெல்லாம் என் தப்புன்னு சொன்னீங்கன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."