இரண்டு காதிலும் எரிந்த லாப்ரடோரைட்

1934-ஆம் ஆண்டு மார்ச் 9, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கிள்ளான் ரயில் நிலையத்தில் தூறல். ஆட்கள் இருவர், நானும் என் மனைவி செல்லம்மாளும், குடை ஒன்று. கோலாலம்பூருக்கு மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு அறுபத்தைந்து காசு. சட்டைப் பையில் சீட்டு இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்த பிறகே உட்கார்ந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் செல்லம்மாளின் தம்பி வைத்திலிங்கம் மகளுக்குக் கல்யாணம். அன்று பந்தக்கால் நடுகிறார்கள். அத்தை முறையில் முதலில் மஞ்சளும் குங்குமமும் இட வேண்டியவள் செல்லம்மாள். அதற்கு முன் அங்குள்ள நகை செய்யும் பத்தரிடம் நான் செய்யக் கொடுத்திருந்த தோட்டை வாங்க வேண்டும். தோட்டுக்குக் கல் வைரமல்ல, லாப்ரடோரைட். துறைமுகத்தில் கப்பல் எஞ்சினியர் ஒருவரிடம் இரண்டு கல்லை நான்கு வெள்ளிக்கு, அதாவது நான்கு மலாயா டாலருக்கு, வாங்கியிருந்தேன். வட அமெரிக்காவில் லாப்ரடார் என்ற குளிர்ப் பிரதேசத்தில் கிடைப்பதால் அந்தப் பெயராம். பட்டை தீட்டாத, வழுவழுப்பான, கடலைப் பருப்பளவு கல். சும்மா வைத்தால் நனைந்த ஸ்லேட்டுப் பலகையின் நிறம். கொஞ்சம் சாய்த்தால் உள்ளிருந்து மயில் கழுத்து நீலம் பாய்ந்து வரும். ஓரத்தில் பச்சை, அதற்கும் ஓரத்தில் பொன்.

பத்து தீகா நிலையம் தாண்டியதும் செல்லம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, ராஜம் தன்னோட வைரத்தோட்டை எடுத்து வெச்சிருக்காளாம், நான் போட்டுக்க. இந்தக் கல்லு சரியா வரலைன்னா அதைத்தான் போடணும்." ராஜம் வைத்திலிங்கத்தின் மனைவி. செல்லம்மாள் இத்தனை வயதில் இரவல் நகை காதில் ஏற்றியதில்லை. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்த சீட்டை நான்காவது முறை தொட்டுப் பார்த்தேன்.

ஏழரைக்குக் கோலாலம்பூர். தூறல் நின்று வெயில் வந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து ரிக்ஷா இருபது காசு. வண்டி இழுக்கும் சீனன் முப்பது கேட்டான். நான் இறங்கி நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே வண்டியோடு வந்தான்.

பத்தர் தோடுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "பாருங்க ஐயா, ரெட்டைப் பிள்ளை மாதிரி. கல்லு எந்தப் பக்கம் மின்னுதுன்னு பார்த்து, ரெண்டையும் ஒரே வாக்குல பதிச்சிருக்கேன்." உண்மைதான். கையைச் சாய்த்ததும் இரண்டும் ஒரே நொடியில் நீலமாகின. கல்லின் முதுகை மூடிய அடைப்புக் கட்டு, பின்னால் திருகாணி. பொன்னும் கூலியும் பதினெட்டரை வெள்ளி. கொடுத்தேன். சாமி விளக்கின் முன்தான் போட்டுக்கொள்வேன் என்று செல்லம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எட்டே முக்காலுக்கு வைத்திலிங்கம் வீடு. செல்லம்மாள் தோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். வலது காதில் நீலம் தகதகத்தது. இடது காதில் ஒன்றுமில்லை. வெறும் ஸ்லேட்டு.

வைத்திலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், ஒரு காதுக்குத்தான் காசு கொடுத்தீங்களா? இன்னொண்ணுல கிள்ளான் ஆத்துக் கல்லை வெச்சுட்டாரா பத்தர்?"

"சும்மா இருங்க," என்று ராஜம் அவனை அதட்டினாள். ஆனால் அவள் கையில் வைரத்தோட்டுப் பெட்டி திறந்தே இருந்தது. "அண்ணி, நேரமாகுது. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். இதைப் போட்டுக்கங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் செல்லம்மாள். ஆனாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கால் கழுவும் சாக்கில் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். திரும்பி வரும்போது அவள் எனக்கு முதுகு காட்டி வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய இடது காதில் நீலத் தீ எரிந்தது! வலது காது அணைந்திருந்தது. நான்கு அடி நடந்து அவளுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன், வலது எரிந்தது. பின்னால் வந்தேன், இடது எரிந்தது. கல்லில் குற்றமில்லை. பத்தர் இரண்டையும் ஒரே வாக்கில் பதித்துவிட்டார். ஆனால் காதுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. வலது தோடு முன்னால் வருகிறவர்களுக்கு மின்னியது; இடது தோடு பின்னால் வருகிறவர்களுக்கு.

"திருகாணியைக் கழற்றாதே!" என்று கத்தினேன்.

"என்ன அத்தான், மந்திரம் போடப் போறீங்களா?"

இடது திருகாணியைச் சற்றே தளர்த்தி, வட்டத் தோட்டை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். "வலிக்குதா?" என்றேன். "வலிக்கலை, சீக்கிரம்," என்றாள்.

"இப்போ தம்பியைப் பாரு."

அவள் நிமிர்ந்தாள். இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் மயில் கழுத்து விரிந்தது. வைத்திலிங்கம் வாயைத் திறந்தவன் மூடவில்லை. ராஜம் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி மூடிவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தாள். "அண்ணே, வைரம் எந்நேரமும் மினுக்கிட்டே இருக்கும். இது ஒளிஞ்சு ஒளிஞ்சு வருதே! இன்னும் ரெண்டு கிடைக்குமா?"

ஒன்பதரைக்குப் பந்தக்கால். வெயிலில் குனிந்து செல்லம்மாள் குங்குமம் இட்டபோது கல் சாம்பலானது, நிமிர்ந்தபோது நீலமானது. கூடியிருந்த பெண்களில் ஏழு பேர் தோட்டைப் பற்றிக் கேட்டார்கள். எட்டாவதாகக் கேட்டவன் வைத்திலிங்கம்: "அத்தான், அந்தக் கல்லுக்கு என்ன பேர் சொன்னீங்க?" பெயரை இரண்டு முறை சொல்ல வைத்தான். நான் மூன்று முறை சொன்னேன்.

மாலை ரயிலுக்கு முன் நிலையத்தருகே இரண்டு காப்பி, பன்னிரண்டு காசு. கிள்ளான் காப்பிதான் இதைவிட ருசி. ஆனால் எங்கள் ஊரில் இப்படி ஒரு வெற்றி எனக்கு வாய்த்ததில்லை. வண்டி புறப்பட்டதும் செல்லம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், இரண்டு கல்லும் எனக்குத் தெரியும்படி.

"எவ்வளவுங்க ஆச்சு எல்லாம் சேர்த்து?"

கல், பொன், கூலி, நான்கு ரயில் சீட்டு, இரண்டு காப்பி, போகும்போது ரிக்ஷா இருபது, திரும்பும்போது இருபத்தைந்து. திரும்பும்போது ரிக்ஷாக்காரன் கேட்டதே இருபதுதான். ஐந்து நானாகக் கொடுத்தது. மொத்தம் இருபத்தைந்து வெள்ளி அறுபத்தேழு காசு.