நாத்தனாரின் தூக்குச்சட்டி

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர்கள் கிடையாது. கட்டின புருஷனுக்குத் தண்ணீர் தராதவள் என்று பேர் வாங்கியிருந்தேன். பேர் பொய்யில்லை. தண்ணீர்ப் பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள்தான் நான்.

எழுபதுகளின் கடைசி அது. பட்டு நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. முதலில் கால் வீங்கியது. தறிக்குழியில் இறங்கி மிதித்துவிட்டு எழுந்தால், மிதிகட்டையின் தடம் பாதத்தில் பள்ளமாக நிற்கும். பிறகு முகமும் வீங்கி, மூச்சு இரைக்கத் தொடங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொன்னார்கள்.

"மெஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. கூடப் பிறந்தவங்க யாராவது ஒரு கிட்னி கொடுத்தா பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

இவருக்கு ஒரே அக்கா. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நான் குடுக்கறேன்" என்றார். ரத்தமும் பொருந்தியது. ஆனால் அவருடைய புருஷன் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. நல்லாயிருக்கிற உடம்பை யாராவது அறுத்துக் கொடுப்பார்களா என்று தினமும் பேச்சு. அத்தனையும் கேட்டுக்கொண்டு நாத்தனார் பிடியை விடாமல் இருந்தார். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி தர வேண்டும். அதுவரை இவரை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு.

நாளெல்லாம் சேர்த்து ஒரு சின்னச் செம்பு தண்ணீர்தான். காப்பி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள்தான். உப்பு கிடையாது. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத் தாளித்துப் போட வேண்டும். "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போவுதே" என்று எதிர்வீட்டுக்காரி வாயில் கையை வைத்துக்கொள்வாள். "ஆமா, சாக்கடைக்கு ஒடம்பு நல்லா தேறிக்கினு வருது" என்பேன். முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் சைவம். கொல்லையில் செங்கல் வைத்துத் தனிச்சட்டியில் வேகவைப்பேன். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்.

இளநீர், பழம், கீரை, தக்காளி எதுவும் ஆகாது. அதிலெல்லாம் நாக்குக்குத் தெரியாத ஓர் உப்பு இருக்கிறதாம். நல்ல உடம்பு அதைத் தானே வெளியே தள்ளிவிடும். இவர் உடம்பு தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்தால் இதயம் சட்டென்று நின்றுவிடும் என்றார் டாக்டர்.

ஊரிலோ கோயில் திருவிழா நேரம். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் பானகத்தையும் நீர்மோரையும் கையில் திணிப்பார்கள். நான் நடுவில் புகுந்து டம்ளரைத் தள்ளிவிடுவேன். "புண்ணியத்துக்குக் குடுக்கறத தட்டி வுடுதே, இதுவும் ஒரு பொம்பளையா" என்று காதுபடச் சொல்வார்கள். இவர் உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நடப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

உடம்பில் தண்ணீர் சேர்கிறதா என்று தினமும் எடை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆளை நிறுக்கிற தராசு விறகுத்தொட்டியில்தான் இருந்தது. காலையில் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு தட்டில் இவர் குந்திக்கொள்வார். மறு தட்டில் எடைக்கல். விறகுக்காரர் பிணத்துக்கும் அங்கேதான் கட்டை நிறுப்பார் என்பதை நினைக்காமலிருக்கப் பார்ப்பேன்.

ஒரு வாரம் எடை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "இன்னா குடிச்சீங்க?" என்று கேட்டேன். "கல்லு தேஞ்சி போயிருக்குது" என்றார். பானைச் சாவி என்னிடம்தான் இருந்தது. சந்தேகம் தீரவில்லை.

இதற்கு நடுவில்தான் நாத்தனாரின் தூக்குச்சட்டி. வாரத்தில் பாதி நாள் ஏதாவது செய்து எடுத்து வருவார். கீரைக் கூட்டு, முருங்கைக்காய்ச் சாம்பார், தக்காளி ரசம் என்று எல்லாமே தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்தவை. "வேணாம் அண்ணி, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று திறக்காமலே திருப்பிக் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொண்டு போவார். தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கப் போகிறவரிடம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கூசும். கோபித்துக்கொண்டு பின்வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கும்.

ஒரு நாள் காலையில் இவரால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லம்மா. ஒதடு மரத்துப் போச்சி" என்றார். கையைப் பிடித்தேன். நாடி ஒன்று அடித்து, அடுத்தது வருவதற்கு நான் காத்திருக்க வேண்டியிருந்தது. வாடகைக் கார் பிடித்தோம். செய்தி கேட்டு ஓடிவந்த நாத்தனார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வேலூர் போய்ச் சேரும்வரை நான் அந்த மணிக்கட்டை விடவேயில்லை.

"என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார். எல்லாம் சொன்னேன். "வேற?" என்றார். வேறு ஒன்றுமில்லை என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார்தான் பேசினார்.

"வாழத்தண்டு சாறுங்க. நீர்க்கோளாறுக்கு எங்க ஊர்ல எல்லாரும் அதான் குடிப்பாங்க. குடுக்கப்போற கிட்னி சுத்தமா இருக்கணும்னு நானும் தெனம் குடிச்சிக்கினு வரேன். சாயங்காலம் தம்பி கோயிலுக்குப் போய்ட்டு வரப்போ, எங்க வீட்ல வெச்சி அவனுக்கும் தெனம் ஒரு டம்ளர் குடுத்தேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவருக்கு அது விஷம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே ஓடினார்.

மெஷினில் இவர் பிழைத்தார். சாயங்காலம் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தண்ணீர். வெளியே வராந்தாவில் நாத்தனார் நின்றிருந்தார். என் நாக்கு நுனியில் என்னென்னவோ வந்தது. வாயைத் திறந்தால் கொட்டிவிடுவேன், கொட்டினால் அவர் போய்விடுவார், அவர் போனால் இவரும் போய்விடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமலே கடந்து போனேன்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தூக்குச்சட்டியும் வரவில்லை. அவர் வீட்டில் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள்.

காலில் விழுவதற்குத் தயாராகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணி, தேதி குடுத்துட்டாங்க" என்றேன்.

நாத்தனார் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இன்னா கொண்டாந்தாலும் நீ வேணாம்னுதான் சொன்ன. அது சரிதான், எனுக்குத்தான் வெளங்கல. என்னால தம்பி போயிருப்பான். ஆனா அத மனசுல வெச்சிக்கினு இத மட்டும் வேணாம்னு சொல்லிடாதம்மா."

அவர் தரமாட்டாரோ என்று நான் செத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், நான் வாங்க மாட்டேனோ என்று அவர் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"பசிக்குது அண்ணி. சோறு போடுங்க" என்றேன்.

அவர் போட்டார். உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.