சுவருக்கு வெளியே ஒட்டிய பொட்டுகள்

போன வாரம் சென்னையில் ஒரு ரயில் நிலையத்தில், வரப்போகிற கட்டடம் ஒன்றின் மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிடித்திருந்தால் போனில் ஸ்கேன் செய்து நட்சத்திரம் கொடுக்கலாமாம். நானும் நல்ல பிள்ளையாக நான்கு கொடுத்தேன். ஏன் நான்கு என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து லேசாகப் பசை வாசனை வந்தது பாருங்கள், அது என்னை நேராக வாலாஜாபாத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அங்கேதான் என் முதல் வேலை. மாடியில் சின்ன ஆபீஸ், கீழே உரக்கடை. பசையும் உரமும் கலந்த காற்றில்தான் நான் படம் வரையப் பழகினேன். எங்கள் ஆர்க்கிடெக்ட் சாருக்கு ஒரு பிடிவாதம்: கட்டடத்தில் புழங்கப்போகிறவர்கள்தான் அதற்கு மார்க் போட வேண்டும். ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை கட்டும் வேலை வந்தபோது, ஆபீஸில் படம் வரையும் எங்கள் மூன்று பேரையும் ஆளுக்கொன்று வரையச் சொன்னார். ஜெயிப்பதைத்தான் கட்டுவார்கள். அம்மா அதற்குள் காஞ்சிபுரத்து உறவுக்கெல்லாம் போன் போட்டு, "எம் பொண்ணு பஸ் ஸ்டாண்டு கட்டறா" என்று சொல்லி முடித்துவிட்டாள். இனி தோற்க முடியாது.

என்னுடையது அழகு, இப்போதும் சொல்வேன். மூன்று பக்கமும் ஆளுயரச் செங்கல் சுவர், அதில் சின்னச் சின்னத் துளைகள். வெயில் உள்ளே கோலம் போட்டதுபோல் விழும். அந்த பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டு மேசைமேல் மூன்று மாடல்களையும் வைத்தோம். முதலில் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து மார்க் போட்டார்கள். அழகில் எனக்குப் பத்துக்குப் பத்து. அடக்கமாக இருப்பதுபோல் நடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மதிய ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். கம்பெனியில் அவர்கள் வேலை பார்க்கும் லைனில் பொட்டுக்கு அனுமதியில்லை. கழன்று பொருளுக்குள் விழுந்துவிடுமாம். அதனால் பஸ் ஏறுமுன்பே ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, அடையாள அட்டையின் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். சார் அதைக் கவனித்து வைத்திருந்தார். "பிடிச்சதுக்கு உங்க பொட்டை ஒட்டுங்கம்மா" என்றார். மாடலுக்குக் கீழே தொங்கிய சார்ட்டில் ஒட்டுவார்கள் என்பது எங்கள் நினைப்பு. அவர்களோ மாடலிலேயே ஒட்டினார்கள். அதுவும் அவரவர் எங்கே நிற்பார்களோ, சரியாக அந்த இடத்தில்.

எண்ணிப் பார்த்தால் எனக்குத்தான் அதிகம். ஆனால் ஒரு பொட்டுகூடச் சுவருக்கு உள்ளே இல்லை. எல்லாம் வெளியே, கறுப்புப் பெயின்ட் அடித்த ரோட்டின்மேல்.

"பொட்டு பொட்டுதானே மேடம், நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றான் ஒரு மாணவன். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். சார் குனிந்து அந்தக் கறுப்பு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், கடைசியாக ஒட்டிய பெண்ணிடம் கேட்டேன். பிள்ளைப்பாக்கத்துக் கோமதி.

"சூப்பரா கீது மேடம். ஆனா உள்ள நின்னுகினு இருந்தா வர்ற பஸ் எப்பிடித் தெரியும்? செவுத்துக்குப் பின்னால எவன் நிக்கிறான்னு எனக்கு இன்னா தெரியும்?"

நானும் பெண்தான். ஆனால் ஸ்கூட்டியில் போய்வந்துகொண்டிருந்தவள். பஸ்ஸுக்காகத் தனியாக நிற்கும் பயம் என் படத்தில் எங்கேயும் இல்லை. அன்று சாயங்காலமே மாடலின் சுவரை இடுப்பளவுக்கு அறுத்தேன். அழுதேன் என்றால் மிகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறுத்தேன். குட்டைச் சுவரோடு அதைத்தான் கட்டினார்கள். அந்தச் சுவர்மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுக் கோமதியும் மற்றவர்களும் பல வருஷம் கதை பேசினார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது அது போயிற்று. மண்டபமும் போயிற்று. சாரும் தொழிலை விட்டுவிட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இப்போது அங்கே பளபளவென்று ஸ்டீல் நிழற்குடை, ஒரு பக்கத்தை முழுக்க அடைத்து விளம்பரப் பலகை. கோமதி இப்போது சூப்பர்வைசர். நிழற்குடைக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள்.

"இன்னாக்கா பண்றது? உள்ள நின்னா ஒண்ணும் தெரியல. எவனோ ஏசி ரூம்ல குந்திகினு வரைஞ்சிருக்கான்" என்றாள்.

வரைந்தது என் இப்போதைய ஆபீஸ்தான். சாலை நெடுக எல்லா நிறுத்தத்துக்கும் அந்த ஒரே படம்தான்; கீழே கையெழுத்து என்னுடையது. அங்கே நிற்கப்போகிறவர்கள் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், "ஆமா கோமதி, எவனோ" என்றேன்.