விளக்கை அணைத்துப் பாடம் நடத்திய வருடம்

ஐந்து வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். புது விதமாகப் பாடம் நடத்துவது எப்படி என்று ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தலைகால் புரியாத உற்சாகத்தோடு திரும்பி வந்தேன்.

அதுவரை நான் பழைய பாணிதான். போர்டில் எழுதுவேன், பிள்ளைகள் பக்கம் திரும்பி விளக்குவேன், மறுபடி எழுதுவேன். பாதி வகுப்பு கொட்டாவி விடும். பயிற்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, திரையில் வீடியோ ஓட, இருட்டில் நின்று விளக்கம் சொன்னேன். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுக் குழுக்குழுவாகப் பேச வைத்தேன். வளாகத்து மரங்களைக் காட்ட அழைத்துப் போய், முன்னால் நடந்தபடியே பாடம் சொன்னேன். தூங்கி வழிந்தவர்கள்கூடக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருத்தி மட்டும் பின்தங்கிக்கொண்டே போனாள். இரண்டாம் வருட மாணவி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை, அம்மா தறி ஓட்டுகிறவர். முதல் வருடம் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல மார்க் வாங்கியவள், இப்போது குழுவில் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் சம்பந்தமில்லாத பதில் வரும். வயசுக் கோளாறு, மனசு வேறெங்கோ இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் குழு விவாதத்தில் அவளுக்குப் பின்னால் நின்று ஒரு கேள்வி கேட்டேன். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவளுக்கு எதிரே போய் நின்று, "படிக்க இஷ்டமில்லன்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதான" என்று சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வருகைப் பதிவு குறைந்து, பரீட்சை எழுத முடியாத நிலைமை வந்துவிடும். ஒரு சனிக்கிழமை விசாரித்துக்கொண்டு அவள் ஊருக்கே போனேன்.

வீட்டில் யாருமில்லை. தறி ஓடுகிற ஷெட்டில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாசலில் கால் வைத்ததும் காது அடைத்துவிட்டது. இருபது தறிகளாவது ஓடியிருக்கும். அந்தக் கோடியில் அவள் அம்மா நின்று வாயை மட்டும் அசைத்தார், கையால் ஏதோ காட்டினார். இந்தக் கோடியில் நின்ற என் மாணவி அதற்குப் பதில் சொல்லிச் சிரித்தாள். பக்கத்துத் தறிக்காரரும் சேர்ந்துகொண்டார். அத்தனை பேரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் செவிடு நான் ஒருத்திதான்.

எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் அவள் அம்மா மீதியைச் சொன்னார்.

"தொட்டில்ல கெடந்ததே இந்தச் சத்தத்துக்குள்ளதான் டீச்சர். கொஞ்சங் கொஞ்சமாக் காது மந்தமாயிருச்சு. வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிருவா. வெளிய சொன்னா நாளைக்கு மாப்ள பாக்க வாறவுக என்ன சொல்லுவாக? அதான் யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

நான் அவளைப் பார்த்து, "எங்கிட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாம்லம்மா?" என்றேன்.

"மொத வருசம் எல்லாமே புரிஞ்சது மிஸ், அதான் சொல்லத் தோணல. லைட்ட அமத்துன பொறவு உங்க வாயி தெரியல" என்றாள். கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு எதுக்கு எல்லாரும் சிரிச்சாகன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க முன்னால வந்து சொன்னது புரிஞ்சது மிஸ்" என்றாள்.

முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறேன், எல்லாவற்றையும் எழுதியே தருகிறேன், முதல்வர் காலில் விழுந்தாவது பரீட்சை எழுத வைக்கிறேன் என்று கெஞ்சினேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "சொந்தத்துலயே ஒரு எடம் தெகஞ்சிருக்கு டீச்சர். வாற தையில கல்யாணம். நீங்க வெளிய சொல்லிராதீக" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்துவிட்டால் அவளிடம் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட் அம்மா, ஊரில் ஏதும் துக்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். கல்லூரியில் 'குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்தினார்' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அந்த வருட ஆண்டு விழாவில், புது முறையில் சிறப்பாகக் கற்பித்ததற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை; வாங்கிக்கொண்டேன்.

அந்த முறைகள் மேல் தப்பில்லை. அவற்றால் எத்தனையோ பிள்ளைகள் தேறினார்கள், இன்றும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்னம்மா கஷ்டம் என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்காமல் போனதற்கு அவள் படிப்பையே கொடுத்துவிட்டாள் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.